தன் கையையே சந்தேகித்தவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வரும். இத்தனை காலமாகியும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், அவரைத் தந்தி ஐயா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் தபால் தந்திப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றைந்தில் சனமெல்லாம் அங்கிருந்து கிளம்பியபோது மனைவியோடு கிளிநொச்சிக்கு வந்திருக்கிறார். அடுத்த வருடமே கிளிநொச்சியும் ராணுவத்திடம் போனது. மல்லாவிப் பக்கம் காட்டோரமாக எங்களுக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த என் அப்பா வெட்டித் திருத்திய காணி. அதன் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அவர்களோடு வந்தது இரண்டு பாய், நாலு சட்டி, ஒரு கதிரை, ஒரு மரப்பெட்டி. பெட்டியை அவர் மடியிலேயே வைத்திருந்தார். சாமிப்படமாக்கும் என்று நினைத்து நான் கையைக்கூடக் கழுவிவிட்டுத்தான் இறக்கப் போனேன். உள்ளே பார்த்தால் பழைய றேடியோக்களில் இருக்கிற கண்ணாடி வால்வுகளும் வயர்களும்.

வந்த புதிதில் அவர் மனைவி, அந்த அம்மா, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை. 'இப்பத்தான் குடிச்சனான்' என்று சிரிப்பார். எனக்கா தெரியாது? தோட்டத்து ஆட்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துச் சனம் சில பேர் எப்போதுமே 'இப்பத்தான்' குடித்தவர்கள். ஆனால் ஐயா அப்படி இல்லை. வந்த அன்றே வாங்கிக் குடித்துவிட்டு, 'தங்கச்சி, நான் வந்த நேரம் பிழை. நீங்கள் சமைக்கிற நேரத்திலை வந்து வேலை வச்சிட்டன்' என்றார். 

அதுதான் அவர். எது நடந்தாலும் பிழை எங்கே என்று தேடுவார். தேடித் தேடிக் கடைசியில் தன் கையில்தான் கண்டுபிடிப்பார்.

அந்த வருடம் ஐப்பசிக் காற்றில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கூரை மிஞ்சவில்லை. ஊரெல்லாம் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் மழைக்குள் நின்று தன் கொட்டில் கூரையின் ஓலைக் கிடுகுக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'முடிச்சை நான் வலப்பக்கமாப் போட்டிட்டன் தங்கச்சி' என்றார். என் வீட்டுக்காரர் போட்ட முடிச்செல்லாம் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கூரையும்தான் பறந்துபோய்ப் பாலை மரத்தில் தொங்கியது.

இன்னொரு நாள் விமானம் வந்து குண்டு போட்டது. எங்கள் பங்கருக்குள் நாங்கள் எல்லோரும் ஒடுங்கிக் கிடந்தோம். அதிர்வில் ஒரு பக்கத்து மண் சரிந்து என் கால் முழங்கால்வரை புதைந்துபோனது. வெளியே வந்த பிறகு அவர் என் முன்னால் நின்று, 'அந்தப் பக்கம் நான்தான் வெட்டினது. சரிவு காணாது, இன்னும் வெட்டியிருக்கோணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'ஐயா, குண்டு போட்டவன் மேல பறந்து போயிட்டான். நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்குறீங்க?' என்று கத்தினேன்.

'அவன் போடத்தான் போடுவான். வெட்டினது நான்தானே.'

இப்படிப் பேசுகிற மனிதரோடு என்ன செய்வது? கையெடுத்துக் கும்பிடவும் வரும், மண்டையில் ஒன்று போடவும் வரும்.

அந்த அம்மாவின் காது விஷயமும் இப்படித்தான். கிளிநொச்சியை விட்டு வெளியேறும்போது வழியில் ஒரு ஷெல் அவர்களுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் பாதிக்குமேல் அடைத்துப்போனது. அதற்கு அவர் வைத்திருந்த கணக்கு என்ன தெரியுமா? உழவு இயந்திரம் கிடைக்கும்வரை உருட்டி வந்த சைக்கிளில் கட்டியிருந்த கயிறு தளர்ந்து, அதை இறுக்கத்தான் அந்த இடத்தில் நின்றார்களாம். முதலிலேயே இறுக்கிக் கட்டியிருந்தால் ஷெல் விழும்போது அவர்கள் வாய்க்காலைத் தாண்டியிருப்பார்களாம். இதை என்னிடம் மட்டும் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! சொல்லும்போது விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடும்.

காது மங்கியவர்கள் உரத்துப் பேசுவார்கள். அந்த அம்மா வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து, 'தங்கச்சி, தேத்தண்ணி இருக்கோ!' என்று கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆமாம், அதற்குள் எங்கள் வீட்டுத் தேத்தண்ணி அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. நானும் விடமாட்டேன். 'இப்பத்தானே குடிச்சீங்க?' என்று அவர் காதுக்குள் கத்துவேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். கனடாவில் இருந்தாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஏஜென்சிக்காரனிடம் பிடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வன்னியில் அப்போது போன் ஏது? போன் பேச வவுனியாவுக்குப் போகப் பாஸ் வேண்டும், பாஸ் கிடைக்கப் புண்ணியம் வேண்டும். மகளின் குரலைக் கேட்டுப் பல வருடமாகிவிட்டது. அப்படியிருக்க, வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் கையில் அவள் ஒரு கசெற் கொடுத்தனுப்பியிருந்தாள். பாட்டில்லை. அவளே பேசிப் பதிந்தது.

எங்களிடமிருந்த சின்னக் கசெற் பெட்டியில் போட்டோம். அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக் காதோடு வைத்து அமத்தினார். கண்ணை மூடினார். முகம் கோணியது. 'இரையுது. கதை விளங்கேல்லை' என்றார். இன்னொரு தரம் போட்டோம். 'குரல் மாதிரிக் கிடக்கு. ஆனா அவளின்ரை எண்டு தெரியேல்லை.' பிறகு பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கசெற்றில் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒருவரையும் சொல்ல விடவில்லை. 'நீங்கள் சொல்ல வேண்டாம். அவள் சொல்லித்தான் நான் கேப்பன்' என்றார். 

அன்றுதான் ஐயா மரப்பெட்டியைத் திறந்தார். லண்டனில் இருந்த அவருடைய தம்பி முன்னொரு காலத்தில் அனுப்பியது அது. சத்தத்தைப் பெருக்குகிற அம்பிளிபயரை நாமே வீட்டில் பொருத்திப் பூட்டிக்கொள்ளும்படி சாமான்களைத் தனித்தனியாகப் போட்டு அனுப்புவார்களாம். இவ்வளவு காலம் பூட்ட நேரம் வரவில்லை. அதே பெட்டிக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். இதில் போட்டால் காட்டு யானைக்கும் கேட்கும் என்றார். அவர் பெருமை பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஈயம் பற்றவைக்கிற கோலைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சுவார். சூடு ஆறுவதற்குள் ஒரு பற்று, இரண்டு பற்று. மறுபடி கரிக்குள் செருகுவார். மழைக்காலம் முழுக்க இந்த வேலைதான். மாலையில் சந்தி அரிசிமில்க்காரர் ஜெனரேற்றர் போடுவார். மண்ணெண்ணெயில் ஓடுகிற அந்த இயந்திரத்திலிருந்து மரத்துக்கு மரம் வயர் இழுத்துச் சில கடைகளுக்கும், ஒரு வீடியோக் கொட்டகைக்கும், எங்கள் ஒழுங்கைக்கும் கரண்ட் வரும். வீட்டுக்கு ஒரு பல்பு. பல்பு மஞ்சளாக, வெற்றிலை எச்சில் நிறத்தில் எரியும். அதுவே எங்களுக்குப் பெரிய காரியம்.

பூட்டி முடித்ததும் சோதனை. அம்பிளிபயரோடு வந்த தாளில் எந்தெந்த முனையில் எத்தனை வோல்ற் காட்டவேண்டும் என்று போட்டிருந்தது. முதல் சோதனையில் சரிவந்தால்தான் வால்வுகளை மாட்டலாம். பிழையென்றால் அடுத்ததற்குப் போகக் கூடாது. ஐயா இடது கையை இடுப்புச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வலது கையால் மட்டும் மீற்றர் கம்பியை வைப்பார். இரண்டு கையும் பட்டால் ஆளை எடுத்துவிடும் அளவுக்கு உள்ளே கரண்ட் இருந்ததாம்.

மீற்றர் முள் பாதிவழி ஏறி, கொஞ்சம் தள்ளாடி, நின்றுவிட்டது. 

'காணாது, குறையுது. எங்கையோ பிழை விட்டிட்டன்' என்றார்.

அவிழ்த்தார். பற்றவைத்த ஈயத்தையெல்லாம் உருக்கி எடுத்துத் திரும்பப் பற்றவைத்தார். மறுநாள் மாலை அளந்தார். முள் இன்னொரு இடத்தில் நின்றது. அதுதான் அவரை ஆட்டிப் படைத்தது. ஒரு நாள் கொஞ்சம் கூட, ஒரு நாள் கொஞ்சம் குறைய. 'ஒரே மாதிரிக் குறைஞ்சால் சாமான் பிழை எண்டு சொல்லலாம். இப்பிடி ஆடுதெண்டால் பற்று பிழை. என்ரை கைதான்' என்பார். திரும்ப அவிழ்ப்பார்.

எனக்குப் பொறுமை கிடையாது. என் வாயும் சும்மா இருக்காது. 'ஏங்கய்யா, அளந்தது போதும், போட்டுப் பாருங்களேன்! குறைஞ்சா குறையட்டும், சத்தம் வருமில்ல?' என்று ஏசுவேன்.

'வால்வு எரிஞ்சால் என்ன செய்யிறது தங்கச்சி? ரெண்டுதான் கிடக்கு. இந்த வன்னிக்குள்ளை ஆமிக்காரர் பற்றறியே விடமாட்டாங்கள், வால்வு விடப்போறாங்களோ? எரிஞ்சால் அவா மகளைக் கேக்கவே மாட்டா.'

அந்த அம்மாவுக்கோ அவர் மேல் மலை மாதிரி நம்பிக்கை. அவர் அளக்கும்போது எதிரே கதிரையில் அமர்ந்து தலைசீவிக்கொண்டு பார்த்திருப்பார். இடையிடையே மலேரியா வந்து குலுக்கும். போர்வைக்குள் கிடந்தபடியே, 'இண்டைக்கு எவ்வளவு காட்டுது?' என்று கத்துவார். இவர் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டுவார். 'பறவாயில்லை, நேற்றையிலும் பாக்க நல்லம்' என்பார் அவர். 

ஒழுங்கை முனையில் இருந்த வீட்டுக்கு ஒரு நாள் சண்டைக்களத்திலிருந்து ஒரு பிள்ளையின் உடம்பு வந்தது. பத்தொன்பது இருபது வயது இருக்கும். எங்கள் கண் முன்னால் மாங்காய் அடித்துத் திரிந்தவன். கடைகளெல்லாம் அடைத்தார்கள். வீடியோக் கொட்டகையைப் பூட்டினார்கள். செத்த வீட்டில் வெளிச்சம் வேண்டுமே என்பதற்காக மட்டும் மில்க்காரர் ஜெனரேற்றரைப் போட்டார். நான் அங்கே அழுதுவிட்டு வந்து ஐயாவின் கொட்டில் வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே பார்த்தால் கண் கூசியது.

'என்னங்கய்யா, பல்பு இன்னைக்கு வெள்ளையா எரியுது?' 

அவர் நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையைச் சாரத்துக்குள் செருகினார். மீற்றர் கம்பியை வைத்தார். முள் ஏறியது, நிற்காமல் ஏறியது, தாளில் போட்டிருந்த இடத்தில் போய் நின்றது. அடுத்த முனை, சரி. அதற்கடுத்தது, சரி. எல்லாமே சரி.

அம்பிளிபயரில் ஒரு குறையும் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே இருக்கவில்லை. கடைக்காரர்களும் கொட்டகைக்காரனும் இழுத்து இழுத்துக் குடித்ததில் எங்களுக்கு வந்த கரண்ட்தான் குறைந்த கரண்ட். பல்பு மஞ்சளாக எரிந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் கரண்டை வெட்டி எத்தனை வருடம்! வெள்ளையாக எரிகிற பல்பை எல்லோருமே மறந்துபோயிருந்தோம். 

'வீட்டுக்கு வர்ற கரண்டை நீங்க அளக்கவே இல்லையாங்கய்யா?'

'சுவரிலை வாறதை நாங்கள் அளக்கிறதில்லைத் தங்கச்சி. அது வேறை டிப்பார்ட்மென்ற்' என்றார். சர்வீசில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அப்படித்தான் பழக்கம். வயரில் வருவது அரசாங்கம் தருவது, அதில் பிழை இருக்காது. பிழை வந்தால் தன் மேசையில்தான். அந்த அரசாங்கமே விமானத்தில் வந்து தலையில் போட்ட பிறகும் மனிதர் இதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

'சரி, இப்பவே கசெற்றைப் போடுங்க' என்றேன்.

அவர் ஒழுங்கை முனையைப் பார்த்தார். அங்கே தாயின் குரல் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. 'செத்த வீடு கிடக்கத் தங்கச்சி, ஸ்பீக்கர் பூட்டுறதோ? ஊர் காறித் துப்பும். எட்டுச் செலவு முடியட்டும்.'

'பாட்டா போடப் போறீங்க? பெத்த பொண்ணு பேசுறது.'

'அவளுக்கும் பெத்த பிள்ளைதானே அங்கை கிடக்கிறது.' 

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் படையல் முடியும்வரை அண்டை அயலில் றேடியோக்கூடப் போடமாட்டார்கள். சத்தத்தைக் குறைத்துப் போடலாம் என்றால், குறைத்த சத்தம் அந்த அம்மாவுக்குக் கேட்காது. ஐயா மனைவியின் முன்னால் குந்தி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். சரிவந்துவிட்டது, கொஞ்சம் பொறு. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினார். அன்றைக்கே போட்டிருக்க வேண்டும். ஊர் துப்பினால் துப்பட்டும் என்று போட்டிருக்க வேண்டும். என் கோபம் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

எட்டு முடிவதற்குள் அந்த அம்மாவுக்கு மலேரியா மறுபடி வந்தது. இந்த முறை தலைக்கு ஏறியது. கண் செருகி, ஆள் பிதற்றத் தொடங்கிவிட்டார். மாட்டு வண்டியில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். கொயினா மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். உயிர் தப்பியது. அதற்கே நான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். ஆனால் கண் விழித்தவர், 'ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறியள்?' என்று கேட்டார். கொயினா சிலருக்குக் காதைக் கொண்டுபோய்விடும், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டொக்டர். ஐயா அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, 'நுளம்பு வலை நான் கட்டினது. கால்மாட்டிலை ஒரு ஓட்டை கிடந்தது' என்றார். கொசு வந்த வழியும் அவர் கையில்தான்.

வீட்டுக்கு வந்த அந்த அம்மா கலங்கவில்லை. 'உங்கடை கதை கேக்காட்டிப் பறவாயில்லை. இவரின்ரை பெட்டியிலை கேக்கும். அது யானைக்கும் கேக்குமெண்டவர்' என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஐயா கடை கடையாகப் போனார். ஒரு கசெற் ஓடி முடியும்வரை விளக்குகளை அணைத்து வைப்பீர்களா என்று கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. கொட்டகைக்காரன் படத்தையே நிறுத்தினான். பல்பு வெள்ளையானது. அந்த அம்மா குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அம்பிளிபயரோடு இணைத்திருந்த எங்கள் கசெற் பெட்டியின் பொத்தானை ஐயா அமத்தினார்.

'அம்மா! நான்தான் கதைக்கிறன்.'

கொட்டில் அதிர்ந்தது. குசினியில் சட்டிகள் நடுங்கின. அவ்வளவு தெளிவு, பக்கத்தில் நின்று பேசுவதுபோல. ஒழுங்கையில் சனம் கூடிவிட்டது.

'இஞ்சை சரியான குளிரம்மா. நீங்கள் சொன்ன மாதிரித் தலைக்கு எண்ணெய் வைக்கிறனான். வேலையாலை வந்தால் வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அம்மா, உங்களிட்டை ஏச்சு வாங்கோணும் போலை கிடக்கு. இஞ்சை என்னை ஏச ஒருத்தரும் இல்லை...'

அந்த அம்மா முன்னே சாய்ந்து வால்வுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரைப் பார்த்து, மகளின் குரலையும் மீறி உரத்துக் கேட்டார்.

'வெளிச்சம் வந்திட்டுது. சத்தம்தான் இன்னும் வரேல்லை, என்ன?'

ஐயா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை, வெறும் ஆவல்தான் இருந்தது. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கை மெதுவாக எழுந்தது. இல்லை, வரவில்லை என்று ஆட்டினார். பெட்டியைச் சுட்டிக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வயரைப் பிடுங்கினார். மகளின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. இடது கையைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு, கரண்டே இல்லாத அந்தப் பெட்டிக்குள் மீற்றர் கம்பியை வைத்து அளக்கத் தொடங்கினார்.

நான் ஒழுங்கைக்கு ஓடினேன். 'என்ன பாக்குறீங்க, போங்க! போய் வேலையைப் பாருங்க!' என்று எல்லோரையும் விரட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். சனம் வாய் பொத்தி வைத்திருந்த ஒரே விஷயம் இதுதான். அந்த அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த மாலையும் கரண்ட் வந்ததும் ஐயா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தினார். அதற்கடுத்த மாலையும். சிரட்டைக் கரியில் கோலைக் காய்ச்சி, நல்ல பற்றை உருக்கி எடுத்துத் திரும்பப் பற்றவைத்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னைக் கண்டார். எழுந்து வேலிக்கு வந்து, கிடுகின் மேலாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

'தங்கச்சி, நீங்கள் இனி இந்த மனிசனை ஏசாதேங்கோ' என்றார், நாலு வீட்டுக்குக் கேட்க. 'அது பாவம், தன்னாலை ஏலுமானதைச் செய்யுதுதானே. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. கசெற்றிலை கிடக்கிற பிள்ளை எங்கை போகப்போறாள்?'

ஏசமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.